மௌனம் கலைத்த மங்கையர்

சேலம் நகருக்கு வடக்கே நீலத்திரை போல் எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏற்காடு. மே மாதக் கோடை விழாவுக்குக் குடும்பத்துடன் செல்வோர் ஏரியையும் படகையும் மலர்க்காட்சியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்களையும், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை போன்ற உட்புற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினரையும் அவர்களுள் பலர் கவனிப்பதில்லை.

மலையிலிருந்து இறங்கினால் நெடுஞ்சாலை. சேலத்துக்குத் தெற்கே நாமக்கல். லாரித் தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். 1996 ஆம் ஆண்டின் இறுதிவரை இம்மலையும் அச்சமவெளியும் ஒரே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன; 1997 ஜனவரி முதல் நாளில்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எச்.ஐ.வி. என்னும் கிருமி குறித்து இந்நாட்டுப் பெண்கள் வாய்திறக்கத் தொடங்கியபோது, முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க குரல் ஒன்று இந்த வட்டாரத்திலிருந்துதான் எழுந்தது.

“அந்த நோய்க்கும் நம் வீட்டுக்கும் என்ன தொடர்பு? தொழுகை உண்டு, நோன்பு உண்டு, ஒழுக்கம் உண்டு. பிறகு ஏன் இந்தப் பேச்சு?” என்று நம் தாய்மார்களுள் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் உண்மையைத் தேடியவர்கள்

1980களின் நடுவில் எய்ட்ஸ் என்பது மேலைநாட்டாரின் நோய் என்றே இந்தியாவில் பலரும் நம்பியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இங்கேயும் அக்கிருமி வந்திருக்கிறதா என்று ஆராயுமாறு கூறினார். அந்நாளில் இத்தகைய ஆய்வுக்கு வசதி மிகக் குறைவு. நிர்மலா சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைத் திரட்டித் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை இரயிலில் எடுத்துச் சென்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இவ்வாறு இரு பெண்களின் முயற்சியால் வெளிப்பட்டது.

அந்த ஆறு பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. ஆனால் அன்று தொடங்கிப் பல்லாண்டுகள், நோயைப் பரப்பியவர்கள் அவர்களைப் போன்ற பெண்களே என்னும் பழி அவர்கள் மீதே சுமத்தப்பட்டது. கிருமியை அவர்களுக்குக் கொடுத்தவன் யார் என்று கேட்டவர் சிலரே.

டாக்டர் சுனிதி அத்துடன் நின்றுவிடவில்லை. பிற மருத்துவர்கள் தொடவும் தயங்கிய நோயாளிகளுக்காக 1993 ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவினார். அவர் 2015 ஜூலையில் காலமானார். 2017 இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை மறைவுக்குப்பின் வழங்கிற்று.

வாசல் தாண்டாத பெண்ணுக்கு வந்தது எப்படி?

1990களில் அந்நிலையத்துக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒரே ஆடவரை, அதாவது தம் கணவரை மட்டுமே அறிந்தவர்கள். பெரும்பாலோர் இல்லத்தரசிகள். வாசலைத் தாண்டாத பெண்ணுக்குக் கிருமி வந்த வழி திருமணம்தான் என்பதை அவ்வாய்வு ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. 1990களில் புனே நகரில் நடந்த ஆய்வும் இதையே சொன்னது.

2000களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சுவர்களிலும் பேருந்துகளிலும் புள்ளிராஜா என்னும் பெயரைக் காணாதவர் இல்லை. அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்ற வினா சிறுவர் வாயிலும் புழங்கியது. ஆடவரைச் சிந்திக்க வைத்த நல்ல விளம்பரம் அது. ஆனால் புள்ளிராஜாவின் மனைவிக்கு என்ன ஆகும் என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே, மனைவியின் ஒழுக்கம் மட்டும் அவளைக் காப்பதில்லை. கணவனின் ஒழுக்கமும், அதைவிட அவன் உண்மையை மறைக்காதிருப்பதும் வேண்டும். வெளியூரில் தொழில், வளைகுடாவில் வேலை, மாதக்கணக்கில் லாரிப் பயணம் என்று ஆடவர் பிரிந்து வாழும் குடும்பங்கள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு, நம்மிலும் உண்டு. யாரையும் ஐயுறுவதற்காக இதைக் கூறவில்லை. கிருமி மதம் பார்ப்பதில்லை என்பதை நினைவூட்டுவதற்காகவே கூறுகிறோம்.

நாமக்கல்லிலிருந்து எழுந்த குரல்

1995 ஆம் ஆண்டு. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா என்னும் இருபது வயது இளம்பெண்ணுக்கு, லாரி ஓட்டுநரான உறவினர் ஒருவருடன் திருமணம் நடந்தது. மணமான சில வாரங்களிலேயே அவர் உடல்நலம் குன்றிற்று. இரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கணவருக்கு அக்கிருமி இருந்தது திருமணத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் தம்மிடம் மறைக்கப்பட்டது என்பதையும் அவர் பின்னர் அறிந்தார். ஓராண்டு நிறைவதற்குள் கணவர் இறந்தார்.

அக்காலத்தில் இத்தகைய நிலைக்கு ஆளான பெண்ணுக்கு நம் நாட்டில் வகுக்கப்பட்டிருந்த பாதை ஒன்றே. கணவனை விழுங்கியவள் என்ற ஏச்சைத் தாங்கி, தனித்தட்டில் சோறும் தனிமூலையில் பாயும் பெற்று, மரணம் வரும்வரை மௌனமாகக் கிடப்பது. கௌசல்யா அப்பாதையில் செல்ல மறுத்தார். தமக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் தம் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பொதுமக்கள் முன் கூறினார். இந்தியாவில் அவ்வாறு துணிந்து கூறிய முதற்சில பெண்களுள் அவர் ஒருவர்.

1998 ஆம் ஆண்டு, அதே துயரைச் சுமந்த பெண்கள் பதினெண்மர் சென்னையில் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை அமைத்தனர். “பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்” என்பது அதன் பெயர். கௌசல்யா அதன் நிறுவனர்களுள் ஒருவர். நோயாளிகள் தம்மைப் பற்றி மருத்துவரும் அதிகாரியும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் மாறி, தாமே தம் தேவையைக் கூறும் காலம் பிறந்தது. மருந்து வேண்டும், மருத்துவமனையில் மரியாதை வேண்டும், கணவன் வீட்டிலிருந்து துரத்தப்படாதிருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். இவையே அவர்கள் கேட்டவை. இவற்றுள் ஒன்றேனும் சலுகையன்று, அனைத்தும் உரிமைகளே.

கேட்டது கிடைத்ததா?

பெரும்பகுதி கிடைத்தது. மாநில அளவில் தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1994 ஆம் ஆண்டிலேயே அமைத்து மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியாக நின்றது தமிழ்நாடு. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. முன்னர் உடலின் எதிர்ப்புச் சக்தி ஓர் அளவுக்குக் குறைந்த பின்னரே மருந்து தரப்பட்டது. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்தவுடனேயே மருந்து தொடங்கப்படுகிறது. நாள்தோறும் தவறாமல் மருந்துண்பவரின் இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தென்படாத நிலைக்குக் குறைகிறது. அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்கு உடலுறவின் வழியாகக் கிருமி செல்வதில்லை என்பது இன்று மருத்துவ உலகம் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட உண்மை.

கருவுற்ற தாய்க்கு மருந்தே தராவிட்டால், பிரசவத்தின்போதும் பாலூட்டும்போதுமாகக் குழந்தைக்குக் கிருமி செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. முறையாகச் சிகிச்சை பெற்றால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே கருவுற்ற நம் மகளோ மருமகளோ முதல் மாதங்களிலேயே இச்சோதனையைச் செய்துகொள்வது, அவள் மீது ஐயம் கொள்வதாகாது. வயிற்றிலிருக்கும் சிசுவுக்குச் செய்யும் கடமையாகும்.

2001 ஆம் ஆண்டு தமிழகத்தில் கருவுற்ற பெண்களைச் சோதித்தபோது நூற்றில் ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. இருந்தது. அண்மைக் கணக்கெடுப்புகளில் அது ஐந்நூறில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு காலத்தில் ‘உயிர்க்கொல்லி’ என்று சுவரெங்கும் எழுதப்பட்ட நோய், இன்று சர்க்கரை நோய் போல் மருந்தோடு வாழத்தக்க நோயாகிவிட்டது.

சட்டமும் வந்தது. 2017 இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் ஒப்புதலின்றி அவரைச் சோதிப்பதும், சோதனை முடிவை வெளியிடுவதும் குற்றம். வேலை, கல்வி, சிகிச்சை, குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாடு காட்டலாகாது. இக்கிருமியால் பாதிக்கப்பட்ட பெண்ணையும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையையும் அவர்கள் வாழும் வீட்டிலிருந்து வெளியேற்ற எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பதினெட்டுப் பெண்களும் அவர்களைப் போன்றோரும் எழுப்பிய கோரிக்கைதான் இறுதியில் சட்டத்தின் வாசகமாயிற்று.

மருந்து இலவசம், வழி?

இனி மலைக்கு வருவோம். மருந்து இலவசம் என்பதால் அது எல்லோருக்கும் சமமாகக் கிடைத்துவிட்டது என்று பொருளன்று. கூட்டு மருந்துச் சிகிச்சை நிலையம் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர். உட்புற மலையூரில் வாழ்பவள் முதலில் ஏற்காட்டுக்கே வந்தாக வேண்டும். பிறகு வளைவுகள் நிறைந்த பாதையில் இறங்க வேண்டும். மாலைக்குள் ஏற வேண்டும். அன்றைய கூலி போயிற்று. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலியை இழப்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு இழப்பன்று. வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம் வேறு. சிற்றூரில் இரகசியம் என்பது ஓலைப்பெட்டியில் வைத்த நெருப்பு.

இவ்வாறுதான் மருந்து இருந்தும் சிலர் இடையில் விட்டுவிடுகின்றனர். விட்டால் கிருமி மீண்டும் பெருகுகிறது. முன்பு கேட்ட மருந்துக்கு அது பின்பு கட்டுப்படாமலும் போகலாம். நலவாழ்வில் சமத்துவம் என்னும் பெரிய சொல்லின் பொருள், இந்த மலையில், பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் ஒரு பெண்ணின் மானமும்தான்.

இந்த இடைவெளியை நிரப்புபவர்கள் யார்? கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மலைப்பகுதிகளில் பணிபுரியும் ஆஷா பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகிய பெண்களே. கருவுற்றவளைச் சோதனைக்கு அழைத்துச் செல்வதும், அஞ்சுபவளுக்குத் தைரியம் சொல்வதும், கேட்டதை வெளியில் சொல்லாமல் காப்பதும் இவர்களால்தான் இயல்கிறது. அடுப்படி வரை வந்து அமர்ந்து பேசும் உரிமை பெண்ணுக்கே உண்டு. ஒலிபெருக்கியில் சொல்ல முடியாததை அவர்கள் காதோடு சொல்ல முடியும். இவர்களைப் போன்ற பெண்கள் நம் மஹல்லாக்களிலும் உருவாக வேண்டும்.

நம் இல்லங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும்

உலகின் பிற பகுதிகளில் நம்மவர் என்ன செய்தனர்? உகாண்டா நாட்டில் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1989 முதல் பள்ளிவாசல்களின் வழியாக இப்பணியைத் தொடங்கிற்று. இமாம்களுக்குப் பயிற்சி அளித்ததோடு, பெண்களிடம் பெண்களே பேச வேண்டும் என்பதை உணர்ந்து பெண் தொண்டர்களையும் பயிற்றினர். ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு 1998 இல் இதைப் பிறர் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று எடுத்துக்காட்டிற்று. தென்னாப்பிரிக்காவில் ஃபக்மீதா மில்லர் என்னும் முஸ்லிம் பெண்மணி, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1990களில் வெளிப்படையாக அறிவித்தார். அந்நாட்டில் அவ்வாறு அறிவித்த முதல் முஸ்லிம் பெண் அவரே. 2000 ஆம் ஆண்டு கேப்டவுனில் ‘பாசிட்டிவ் முஸ்லிம்ஸ்’ என்னும் அமைப்பு தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நாம் செய்யத்தக்கவை சிலவற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, நிக்காஹ். அது இருதரப்பும் மனமொப்பிச் செய்யும் உடன்படிக்கை. ஒரு தரப்பு அறிந்த பெருங்குறையை மறுதரப்புக்கு மறைப்பது மோசடியே. மஹரையும் சீர்வரிசையையும் பேசும் பெரியவர்கள், மணமக்கள் இருவரும் தாமே முன்வந்து இரத்தச் சோதனை செய்துகொள்வதைப் பற்றியும் பேசட்டும். பெண்ணுக்கு மட்டும் சோதனை என்பது நீதியாகாது. கட்டாயப்படுத்துவதும், முடிவை ஊரறியச் செய்வதும் சட்டப்படியும் தவறு, மார்க்கப்படியும் தவறு. புதிதாகத் தொற்றிய கிருமி சோதனையில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கத்னா செய்துகொண்டோருக்கு இந்நோய் வராது என்னும் நம்பிக்கை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் நடந்து 2005 முதல் 2007 வரை வெளியான ஆய்வுகள், கத்னா செய்த ஆடவருக்குப் பெண்ணிடமிருந்து கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவதைக் காட்டின. இது உண்மை, ஆனால் அறுபது நூறாகாது. மேலும், கிருமி தொற்றிய கணவனிடமிருந்து மனைவியை அது காப்பதில்லை.

மூன்றாவது, வீண் அச்சம். ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே ஹவுளில் ஒளுச் செய்வதாலோ, தோளோடு தோள் சேர்த்து ஸஃப்பில் நிற்பதாலோ, ஸலாம் கூறிக் கைகொடுப்பதாலோ, கொசு கடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், சுத்திகரிக்காத ஊசி, தாயிடமிருந்து சேய் என்பவையே அது பரவும் வழிகள். இக்கிருமியுடன் வாழ்ந்து இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்ட மறுப்பதற்கும் காரணமில்லை. கையுறை அணிந்து, இரத்தக் கசிவிருப்பின் அதைக் கிருமிநாசினியால் துடைத்து, வழக்கம்போல் குளிப்பாட்டிக் கஃபனிடலாம். இறந்தவருக்குரிய இறுதி மரியாதையை மறுப்பது உயிரோடிருப்போரின் குற்றம்.

நான்காவது, விதவையின் உரிமை. கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணை, நோயைக் காரணம் காட்டித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்வது பெரும் அநீதி. மனைவிக்குரிய பாகம் இறைவன் வகுத்தது. பிள்ளைகள் இருப்பின் எட்டில் ஒன்று, இல்லையெனில் நான்கில் ஒன்று. எந்த நோயும் அதைக் குறைப்பதில்லை. வாரிசுரிமை பேசும் சபையில் ஜமாஅத் நிர்வாகிகள் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, பெண்களின் சபை. பயானுக்கும் மவ்லிதுக்கும் கூடும் பெண்களிடையே, வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். எச்.ஐ.வி. மட்டுமன்று, இரத்தசோகை, கருப்பைவாய்ப் புற்றுநோய், சர்க்கரை நோய் என நாணத்தால் மறைக்கப்படும் நோய்கள் பல. மருத்துவம் செய்துகொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். அதை நாம் நாணத்தின் பெயரால் தடுக்கலாகாது. வசதியுள்ளோர் தம் ஸதகாவின் ஒரு பகுதியை, மலையூரிலோ சமவெளியிலோ மருந்துக்காகப் பயணம் செய்யும் ஏழைப் பெண்ணின் பேருந்துக் கட்டணத்துக்கு ஒதுக்கலாம். அவள் எந்தச் சமயத்தவள் என்று கேட்க வேண்டியதில்லை. என்ன நோய் என்றும் கேட்க வேண்டியதில்லை.

ஐயம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். முடிவு இரகசியமாகவே காக்கப்படும். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில், பெயரைச் சொல்லாமலேயே ஆலோசனை பெறலாம்.

கௌசல்யாவுக்குத் திருமணம் பேசப்பட்ட நாளில், உண்மையை அறிந்திருந்தவர்களுள் ஒருவர் வாய்திறந்திருந்தால் ஓர் இளம்பெண்ணின் வாழ்வு தப்பியிருக்கும். நம் வீட்டில் இன்றோ நாளையோ ஒரு சம்பந்தம் பேசப்படலாம். அந்தச் சபையில் அமர்ந்திருக்கும் தாயும் மாமியும் பெரியம்மாவும் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும்.